சேர்ந்தவர் எத்தனை, நின்றவர் எத்தனை?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். படித்துவிட்டு வெறும் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அமெரிக்காவிலிருந்து ஒரு போன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். அவனோடு படித்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் கமெண்டில் பெயரைப் போட்டு என் மானத்தை வாங்காதீர்கள்.

"டீச்சர், எங்க சங்கத்துல ஒரு பிரச்சினை. நீங்க சங்கத்துல பொருளாளரா இருந்தவங்க. உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்றான்.

நான் ஆசிரியர் சங்கத்தில் ஆறு வருஷம் வட்டாரப் பொருளாளராக இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சந்தா ரசீதுப் புத்தகத்தில் பக்கம் விட்டுப் போயிருக்கிறதா என்று உங்களைத்தானே எண்ணிப் பார்க்கச் சொல்வேன்! அப்படி எண்ணிக் கொடுத்தவர்களில் இவனும் ஒருவன்.

இவன் தரமணியில் ஹோட்டல் மேலாண்மை படித்தான். சில வருஷம் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போனான். இப்போது அங்கே ஒரு கண்ட்ரி கிளப்பில் துணைப் பொது மேலாளர். அவன் முதன்முதலில் இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் கிளப் என்றால் அந்தக் காலத்துக் காப்பி கிளப், இல்லாவிட்டால் சீட்டும் சரக்கும் ஓடுகிற மனமகிழ் மன்றம். "ஏண்டா, இதுக்காடா அவ்வளவு தூரம் போய்ப் படிச்சே?" என்று கேட்டேவிட்டேன். பாவம், பொறுமையாக விளக்கினான்.

அங்கே கிளப் என்பது உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் இடம். கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், டென்னிஸ், சாப்பாட்டுக் கூடம், கல்யாண விருந்து எல்லாம் அதில் உண்டு. சேரும்போது ஒரு தொகை, பிறகு மாதாமாதம் சந்தா. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் குழு வேலைக்கு வைத்திருக்கும் ஆள்தான் மேலாளர். ஆக, சாப்பிட வருகிறவரே முதலாளியும்கூட. சூப் ஆறிப்போனால் ஹோட்டலில் வாடிக்கையாளர் கோபப்படுவார். இங்கே முதலாளியே கோபப்படுவார். இந்த வருஷக் குழு புல்வெளிக்குப் பணம் போடு என்னும். அடுத்த வருஷக் குழு சமையலறைக்குப் போடு என்னும். குழு மாறிக்கொண்டே இருக்கும், மேலாளர் நடுவில் நிற்க வேண்டும்.

இந்த நிலைமை எனக்குப் புதிதல்ல. தலைமையாசிரியராக இருந்த யாருக்கும் புதிதல்ல. பெற்றோர் ஒன்று சொல்வார்கள், உள்ளாட்சித் தலைவர் ஒன்று சொல்வார், அதிகாரி ஒன்று சொல்வார். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டுப் பிள்ளைகளுக்கு எது நல்லதோ அதைச் செய்ய வேண்டும்.

நம் நாட்டிலும் கிளப்புகள் நேற்று வந்தவை அல்ல. கல்கத்தாவின் பெங்கால் கிளப் 1827-இல் தொடங்கியது. மெட்ராஸ் கிளப் 1832. ஊட்டி கிளப் 1841. மெட்ராஸ் கிளப்பில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் இடம் என்றிருந்த காலத்தில், 1873-இல் நம்மவர்களும் உறுப்பினராகும்படி காஸ்மாபாலிட்டன் கிளப் வந்தது. பழைய விதிகளில் சில அப்படியே நின்றன. அதனால் வந்த வினையை 2014-இல் பார்த்தோம். சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. ஊரே கொதித்தது. அதே வருஷம் சட்டமன்றம் தனிச் சட்டமே போட்டு, வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்றது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வாசலில் நின்ற ஊழியரின் முகம்தான் மனதில் வந்தது. விதியை எழுதியவர் அவர் இல்லை. எழுதியவர்கள் எந்தக் காலத்திலோ எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். "இந்த விதி இந்த ஊருக்குப் பொருந்தவில்லை, மாற்றுங்கள்" என்று குழுவிடம் மரியாதையோடும் உறுதியோடும் சொல்லத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்தால் அப்படி ஒரு நாள் வந்திருக்காது என்பது என் எண்ணம். கிளப் மேலாளர் வேலை என்பது மேசை விரிப்பு மடிக்கும் வேலை அல்ல, முதலாளியிடம் "இது தப்பு" என்று சொல்லும் வேலையும்தான். அதை யாராவது சொல்லித்தர வேண்டாமா?

அமெரிக்காவில் அதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. 1927-இல் தொடங்கியது. கிளப் மேனேஜர்ஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்று பெயர். பிற்பாடு மேனேஜர்ஸ் என்ற சொல்லை மேனேஜ்மென்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். சி.எம்.ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2027-இல் அதற்கு நூறு வயது. நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. அனுபவம், படிப்பு இரண்டையும் கணக்கில் எடுத்து, தேர்வும் வைத்து, தேறியவர்களுக்கு சி.சி.எம். என்று ஒரு பட்டம் கொடுக்கிறார்கள். அதை வாங்கியவருக்கு அந்தத் தொழிலில் தனி மதிப்பு.

என்னைக் கவர்ந்தது வேறொரு விஷயம். பல்கலைக்கழகங்களில் அந்தச் சங்கத்துக்கு மாணவர் கிளைகள் இருக்கின்றன. ஹோட்டல், விருந்தோம்பல் படிக்கிற பிள்ளைகள் படிக்கும்போதே சங்கத்தில் மாணவ உறுப்பினராகலாம். வருடாந்தர மாநாட்டுக்குப் போகலாம். உதவித்தொகை கொடுக்க ஓர் அறக்கட்டளையும் உண்டு. நம்மவன் அப்படி மாணவர் கிளை வழியாக வந்தவன்தான். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசிய முதல் வருஷத்தில், உள்ளூர் கிளப் மேலாளர் ஒருவர் அவனைத் தன் கிளப்புக்குக் கூட்டிப்போய், வரவு செலவுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார வைத்தாராம். "அன்னிக்கு அவங்க சண்டை போட்டதுல பாதி எனக்குப் புரியல டீச்சர். ஆனா இந்த வேலைதான் எனக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றான்.

இப்போது அவன் இருக்கிற கிளையில்தான் பிரச்சினை. கையில் இருப்பது கொஞ்சம் பணம். உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரு சாரார் சொல்கிறார்கள்: பக்கத்து ஊர்களில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மேலாளர்களில் இன்னும் சேராதவர்களைப் பிடிப்போம், முதல் வருஷச் சந்தாவைக் குறைப்போம், ஒரு நல்ல விருந்து வைப்போம். மாணவர் கிளைக்குச் செலவழிப்பது வீண். பிள்ளைகள் இங்கே கற்றுக்கொண்டு, படிப்பு முடிந்ததும் பெரிய ஹோட்டல்களுக்குப் போய்விடுகிறார்கள். நாம் செலவழித்து அடுத்தவனுக்கு ஆள் தயார் பண்ணுவதா?

இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. பொருளாளராக இருந்தவளுக்குத் தெரியும், பணம் இல்லாமல் சங்கம் இல்லை. கூட்டம் போட மண்டபம், அஞ்சல் செலவு, வழக்குச் செலவு எல்லாம் சந்தாவிலிருந்துதான் வரவேண்டும். மாணவன் கொடுக்கும் சந்தா சொற்பம். நாலு வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்தவன் கடைசியில் வேறு பக்கம் போனால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அவன் சொன்ன இன்னொரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் ஏன் மாணவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன? அவர்களுக்கு நூற்றுக்கணக்கான ஹோட்டல்கள். ஆள் எடுக்கத் தனித் துறை. வருஷா வருஷம் கல்லூரி வாசலில் வந்து நிற்கிறார்கள். கிளப் அப்படி இல்லை. ஒவ்வொரு கிளப்பும் தனிக்காட்டு மரம். ஒரு கிளப்புக்கு உதவி மேலாளர் தேவைப்படுவது சில வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்காக எந்த கிளப் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கும்? ஆகவே கிளப் என்று ஒரு வேலை உலகம் இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. எல்லா கிளப்புகளுக்கும் சேர்த்து அந்த வாசலில் போய் நிற்கக்கூடியது சங்கம் ஒன்றுதான். சங்கமும் போகாவிட்டால் பிள்ளைகள் ஹோட்டலுக்குப் போகாமல் என்ன செய்வார்கள்?

இனி என் கதை. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

நான் பொருளாளராக இருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கு ஆசிரியர் பயிற்சி மாணவிகள் கற்பித்தல் பயிற்சிக்கு வருவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித் தோளில் பையும் கையில் பாடக்குறிப்பு நோட்டுமாகப் போய் நின்றவள்தான். அது மறந்துபோயிருந்தது. வருகிறவர்களை நாங்கள் என்ன செய்வோம்? பதிவேடு எழுதச் சொல்வோம். ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வோம். சார்ட் வரையச் சொல்வோம். உண்மையைச் சொன்னால், டீ வாங்கவும் அனுப்பியிருக்கிறோம்.

அதில் ஒரு பெண் துடிப்பானவள். ஒரு சனிக்கிழமை எங்கள் வட்டாரக் கூட்டம். "டீச்சர், நானும் வந்து பின்னாடி உக்காந்துக்கட்டுமா? சங்கத்துல என்ன பேசுவாங்கன்னு பாக்கணும்" என்று கேட்டாள். நான் ரசீதுப் புத்தகத்தை அடுக்கிக்கொண்டே சொன்னேன்: "முதல்ல வேலைக்கு வாம்மா, அப்புறம் சங்கத்துக்கு வரலாம்." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பல வருஷம் காத்திருந்து வேலை வாங்கி, எங்கள் ஒன்றியத்துக்கே ஆசிரியையாக வந்தாள். நான்தான் ரசீதுப் புத்தகத்தோடு போனேன். "இல்ல டீச்சர், நான் எந்தச் சங்கத்துலயும் சேரல" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நானும் வற்புறுத்தவில்லை. என் பணி நிறைவு விழாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு நீங்க உள்ள விட்டிருந்தா இன்னிக்கு நான் பொருளாளரா இருந்திருப்பேன் டீச்சர்." விளையாட்டாகச் சொன்னதுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாலையும் பொன்னாடையும் அலமாரிக்குள் போய்விட்டன. அந்தச் சொல் மட்டும் இன்னும் வெளியிலேயே கிடக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் மாநிலக் கூட்டத்தில் "உறுப்பினர் எண்ணிக்கை கூடியிருக்கிறது" என்று அறிக்கை படிப்போம். கைதட்டுவோம். ஓய்வு பெற்றவர்களைக் கழித்து, பெயருக்குச் சேர்ந்து ஒரு கூட்டத்துக்கும் வராதவர்களையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது யார் என்று நாங்கள் எண்ணியதே இல்லை.

ஆனால் எங்கள் வேலையில் அந்தக் கணக்கு எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஜூன் மாதம் சேர்க்கைப் பேரணி போவோமே, ஞாபகம் இருக்கிறதா? மேளம் அடித்துக்கொண்டு, பதாகை பிடித்துக்கொண்டு, தெருத் தெருவாக. ஒன்றாம் வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்தார்கள் என்று எழுதுவோம். நல்ல தலைமையாசிரியர் அதோடு விடமாட்டார். அந்த நாற்பதில் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போனவர் எத்தனை என்று பார்ப்பார். அதுதான் பள்ளியின் கணக்கு. சங்கத்துக்கும் அதே கணக்குதான் என்று நான் இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

என் மாணவனிடம் நான் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு மூத்தவரின் பெயர் எழுதியிருக்க வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். வகுப்பாசிரியர் இல்லாத வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? மாதம் ஒரு போன், பருவத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு. அவ்வளவு போதும்.

இரண்டாவது, மேடையைக் காட்டாதே, மேசையைக் காட்டு. மாநாட்டுக்குக் கூட்டிப்போய்க் கழுத்தில் அட்டை மாட்டிக் குரூப் போட்டோ எடுப்பது வளர்ச்சி அல்ல. சமையலறையில் இந்த மாதம் காய்கறிச் செலவு ஏன் ஏறியது, நிர்வாகக் குழுவிடம் அதை எப்படிச் சொல்வது, கோபத்தில் இருக்கும் உறுப்பினருக்குக் கடிதம் எப்படி எழுதுவது, இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட வேண்டும். ஒரு வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்த பிள்ளை அந்த வேலையை விடாது.

மூன்றாவது, வேலை வாங்கினால் கூலி கொடு. 'கற்றுக்கொள்கிறாய் அல்லவா, பணம் எதற்கு' என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊரில் இளம் வக்கீல்கள் இதைச் சொல்லிச் சொல்லியே வாட்டப்பட்டார்கள். 2024-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று வந்தது. அப்பா பணத்தில் படிக்கிற பிள்ளை மட்டும் சம்பளமில்லாமல் பயிற்சி எடுக்க முடியும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை வெளியிலேயே நின்றுவிடும். அப்படி வடிகட்டிச் சேர்த்த சங்கம் எண்ணிக்கையில் வளரலாம், ஆட்களில் சுருங்கிவிடும்.

நான்காவது, வேறு பக்கம் போனவனைத் துரோகி என்று பார்க்காதே. ஹோட்டலுக்குப் போனவன் பத்து வருஷம் கழித்து, ஊரும் வீடும் நிலைத்தால் போதும் என்று நினைக்கும்போது கிளப் பக்கம் திரும்பலாம். அன்றைக்கு அவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது யார்? இருபது வயதில் தன்னை உட்கார வைத்தவர்தான். திரும்பாமலே போனாலும் என்ன? நான் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆசிரியராகவா ஆனார்கள்?

ஐந்தாவதாக அவனிடம் கேட்டேன்: "உங்க கிளையில இப்ப சுறுசுறுப்பா இருக்கிறவங்கள்ல மாணவர் கிளை வழியா வந்தவங்க எத்தனை பேர்?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எண்ணிப் பார்த்ததில்ல டீச்சர்" என்றான். "எண்ணு. சின்ன வயசுல ரசீது எண்ணினியே, அது மாதிரி எண்ணு. எண்ணிக்கிட்டுப் போய் கூட்டத்துல பேசு. எண்ணிக்கை உன் கட்சிக்கு எதிரா வந்தாலும் மறைக்காம சொல்லு" என்றேன்.

அடுத்த மாதம் அவர்கள் கூட்டம். என்ன முடிவாகும் என்று தெரியாது. தோற்றாலும் ஒரு மாணவனையாவது தன் கிளப்புக்குக் கூட்டிப்போய் ஓரமாக உட்கார வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். எனக்கு அது போதும். அவனை உட்கார வைத்த அந்த மேலாளர் யாரோ, எந்த ஊரோ, அவருக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டேன். நான் செய்யாததை அவர் செய்திருக்கிறார்.

நம் விவசாயிகளுக்கு இது புதுப் பாடம் அல்ல. அடுத்த வேளைச் சோற்றுக்கு அரிசி இல்லாவிட்டாலும் கோட்டை கட்டி வைத்த விதை நெல்லில் கை வைக்கமாட்டார்கள். விதை நெல்லை அளந்து இந்த வருஷ விளைச்சலில் சேர்க்கவும் மாட்டார்கள். மாணவ உறுப்பினரும் அப்படித்தான். அவர்களை இந்த வருஷ எண்ணிக்கையில் சேர்த்துக் காட்டிப் பெருமைப்படவும் வேண்டாம், லாபம் இல்லை என்று தூக்கிப் போடவும் வேண்டாம்.

சரி, இப்போது உங்களிடம் கேட்கிறேன். உங்களில் நர்ஸ்கள் இருக்கிறீர்கள், ஆடிட்டர் இருக்கிறீர்கள், எலக்ட்ரீஷியன், லாரி உரிமையாளர், மருந்துக்கடைக்காரர், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். எல்லாரும் ஏதோ ஒரு சங்கத்தில் சந்தா கட்டுகிறீர்கள். ஆடிட்டர்களுக்குத் தென்னிந்தியாவில் மாணவர் சங்கமே தனியாக இருக்கிறது. மற்றவர்களுக்கு? அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, இன்னும் வேலைக்கே வராத ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். யாராவது "இது யாரு?" என்று கேட்டால், "நாளைக்கு இங்க உக்காரப் போறவங்க" என்று சொல்லுங்கள்.

கூட்டிப்போனவர்கள் கமெண்டில் ஒரு வரி எழுதுங்கள். நான் எண்ணிக்கொண்டிருப்பேன். அடுத்த வருஷம் இதே நாள் மறுபடியும் கேட்பேன்: அந்தப் பிள்ளை இன்னும் வருகிறதா?

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்